ஃபின் உடைந்த சிலிண்டர்

மடியில் இருந்த சாக்குப்பை சூடாக இருப்பதை, பேருந்து மூன்றாவது நிறுத்தத்தைத் தாண்டிய பிறகுதான் அவன் கவனித்தான். ஜன்னல் வழியாக வெயில் விழுகிறது போலும் என்று நினைத்து எதிர்ப்பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்தான். அங்கே நிழல். பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோதும் சூடு குறையவில்லை. கையைச் சுடுகிற சூடு இல்லை. ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போன நாற்காலியில் நாம் போய் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு.

பைக்குள் ஒரு சிலிண்டர் பிளாக்கும், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பிஸ்டன்களும் இருந்தன. இருபது வருடமாக ஒரு பழைய இரும்புக் கடையின் அடித்தட்டில், வெளிச்சமே படாமல் கிடந்தவை. அவை சூடாக இருக்க ஒரு நியாயமும் இல்லை. நியாயம் பார்க்கிற நிலைமையில் அவனும் இல்லை. பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வண்டி அவன் மனைவியுடையது. அவளுடைய அப்பா விட்டுப்போன, இரண்டு சிலிண்டர் வைத்த மோட்டார் சைக்கிள். அதைச் செய்த கம்பெனியே இழுத்து மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அவள் ஓட்டுவாள், அவன் பின்னால் உட்கார்ந்து வருவான். தெருவில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. "ஊர் வண்டியெல்லாம் உன் கையில, நீ மட்டும் பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி" என்பார்கள். அவனுக்கு அதில் வெட்கமில்லை, உள்ளூரப் பெருமைதான். பிரித்து மாட்டுவது அவன் வேலை, ஓட்டுவது அவள் வேலை. அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'மெக்கானிக்கு' என்பாள், கடைசி எழுத்தை வேண்டுமென்றே இழுத்து.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவன் அந்த இன்ஜினைப் பிரித்துப் அவளுடைய அப்பா வாங்கி வைத்திருந்த கடைசிப் புது பிஸ்டன்களை மாட்டினான். "இந்தத் தடதடங்கிற சத்தம் இல்லாம மாட்டிக் குடு பாப்போம்" என்று அவள் சீண்டினாள். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே தலைமுடி கனத்துக்கு இடைவெளி வேண்டும். ஓடும்போது சூட்டில் பிஸ்டன் பெருக்கும், அதற்கு இடம் விட்டே ஆகவேண்டும். இடம் விட்டால் காலையில் கிளப்பும்போது கொஞ்சம் தட்டத்தான் செய்யும். தொழில் தெரிந்த எவனும் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வான். அவன் பொண்டாட்டியிடம் வித்தை காட்ட ஆசைப்பட்டான். இடைவெளியைப் பாதியாக்கி இறுக்கமாக மாட்டினான்.

வண்டி பட்டுப்போலக் கிளம்பியது. அன்று அவள் தனியாகத்தான் போனாள். நெடுஞ்சாலையில் வேகமெடுத்தபோது, சூடேறிய பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் பூட்டுப் போட்டது மாதிரி நின்றது. அவள் தூக்கி எறியப்பட்டாள். உடைந்த எலும்புகளெல்லாம் கூடிவிட்டன, அவள்தான் திரும்பி வரவில்லை. கண்ணைத் திறந்தால் கூரையைப் பார்ப்பாள். மூடினால் தூங்குகிறாளா என்றுகூடச் சொல்ல முடியாது. இது யாரால் நடந்தது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

நான்கு மாதம் வண்டியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தான். பிறகு ஒருநாள் மாலை மனசு கேட்காமல், எண்ணெய் ஊற்றி, பிடித்துக்கொண்ட பிஸ்டனை விடுவித்து, கீறல்களை உப்புத்தாளால் தேய்த்து, ஒரே ஒரு தடவை கிளப்பிப் பார்த்தான். பக்கத்து அறையில் படுத்திருந்தவள் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் பத்து நிமிடம். முதலில் விரல் அசைந்தது, பிறகு ஒரு சிரிப்பு. போன மாதம் உதட்டைக் கூட்டி 'மெ' என்றாள். அந்த ஒற்றை எழுத்தைக் கேட்டுவிட்டு அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். ஒன்பது நாளைக்கு முன்னால், ஏற்கெனவே கீறல் விழுந்திருந்த பிஸ்டன் உடைந்தது. தூள் பறந்து பக்கத்து சிலிண்டரையும் சேர்த்துக் கிழித்துவிட்டது. அன்றிரவே அவள் விழுங்குவதை நிறுத்தினாள்.

ஒன்பது நாளும் நாய் படாத பாடு. உதிரிபாகக் கடைக்காரர்கள் உடைந்த பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் இதற்கு மியூசியத்தில் போய்க் கேட்கச் சொன்னார். ஒரு லேத் பட்டறைக்காரர் மட்டும் நல்ல மனதோடு, அச்சு எடுத்துக் கடைந்து தருகிறேன், மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரம். டாக்டர் அவளுக்கு நாள்கணக்குத்தான் சொல்லியிருந்தார். கடைசியாக யாரோ பழைய இரும்புக் கடை 'ஒட்டடை'யிடம் போகச் சொன்னார்கள். கடையில் தொங்குவதைவிட அதிகமான ஒட்டடை அவர் தலையில் இருக்கும் என்பதால் வந்த பெயர்.

அடித்தட்டில் கையை விட்டுத் துழாவிக் கண்டுபிடித்தவன் அவனேதான். அதே மாடல் வண்டியின் பிளாக், உள்ளே இரண்டு பிஸ்டன்களும். அளவு மாறவில்லை. உள்சுவரில் ஒரு கீறல் இல்லை. வெளியே இழுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் மேல்பக்கத்து ஃபின்கள் கண்ணில் பட்டன. சூடு ஆறுவதற்காக சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் மெல்லிய தகடுகள் அவை. பழைய இரும்புக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டியவர் செத்துப்போன வண்டியின் இன்ஜின் கைக்கு வந்தால், சுத்தியலால் ஒரு ஃபின்னைத் தட்டி உடைத்துவிடுவார்கள். தெரியாமல்கூட எவனும் அதை இன்னொரு வண்டியில் மாட்டிவிடக் கூடாது, உலைக்குத்தான் போகவேண்டும் என்பதற்கான அடையாளம். ஓர் உயிருக்கு ஒரு ஃபின்.

"அது வேணாம் தம்பி" என்றார் ஒட்டடை.

"அளவு சரியா இருக்குண்ணே."

"அளவு சரியாத்தான் இருக்கும். எத்தனை உடைச்சிருக்குன்னு பாரு."

பார்த்தான். இரண்டு.

"மலைப்பாதை. வளைவுல திரும்புறப்ப எதிர்ல லாரி. முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர்." அவர் பிளாக்கைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் பேசினார். "வந்த புதுசுல மூணு தடவை உருக்க அனுப்பினேன். மூணு தடவையும் உலைக்காரன் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டான்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். இறுக்கமாக மாட்டியது, 'மெ' என்றது, டாக்டர் சொன்னது. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கடைசியில் அந்தக் கிரீஸ் படிந்த தரையிலேயே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டான். ஒட்டடை குனிந்து அவன் கையை விலக்கினார்.

"நான் குடுக்கல" என்றார் பிறகு. "நீயா எடுத்துட்டுப் போற. அப்படியே இருக்கட்டும்." பணத்தை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்னறைதான் அவன் பட்டறை, உள்ளறையில் அவள் கட்டில். நடுவில் கதவில்லாத ஒரு நிலைப்படி. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வண்டி, தலை இழந்த இன்ஜினோடு நின்றது. கட்டிலுக்குப் பக்கத்தில் கொழுந்தியாள் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வேலை பார்ப்பவள், மருத்துவமனையிலிருந்து உடுப்பைக்கூட மாற்றாமல் நேராக அக்காவைப் பார்க்க வந்துவிடுவாள். அவள் நிமிரவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நிமிஷத்துக்கு ஏழுதான் வருது மாமா" என்றாள். "நாளைக்குக் காலைல ஆம்புலன்ஸ் வரச் சொல்லியிருக்கேன். அங்க கொண்டுபோனா..." முடிக்கவில்லை.

"கிடைச்சிருச்சு. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

"பொறுத்துக்கறதுக்கு நான் யாரு. அவதான் பொறுத்துக்கணும்."

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்கா சிரித்ததைத் தன் கண்ணால் பார்த்தவள். பையைத் திறந்து பார்த்துவிட்டு, "சீக்கிரம் ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னாள்.

இந்த முறை ஒழுங்காக அளக்கவேண்டும் என்று அவன் சபதமே எடுத்திருந்தான். சூடான உலோகம் பெருத்திருக்கும், அளவு பொய் சொல்லும். எனவே பிஸ்டன்களையும் பிளாக்கையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, இன்ஜின் வாயில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் தாளைச் சுரண்டிச் சுத்தம் செய்தான். அரைமணி கழித்து வாளிக்குள் கை விட்டான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தான். அதுவும் சூடாயிற்று. வாளியிலிருந்து வந்த வாசனை துருவின் வாசனையோ எண்ணெயின் வாசனையோ இல்லை. மழை ஓய்ந்த தார்ச்சாலையும், அதன் ஓரத்தில் நசுங்கிய பச்சை இலையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை, வீட்டுக்குள், சுவரெல்லாம் கிரீஸ் படிந்த அந்த அறைக்குள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. உள்ளறையிலிருந்து ஒரு மூச்சு கேட்டது. அடுத்த மூச்சு வருவதற்குள் அவன் பத்துவரை எண்ணிவிட்டான்.

அளக்காமலே எடுத்துத் துடைத்தான்.

பிளாக்கை இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். பிஸ்டனில் மாட்டிய ரிங்குகளை ஒருவர் விரலால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பிளாக்கை மேலிருந்து இறக்கவேண்டும். எப்போதும் பிடிப்பவள் மனைவிதான். இன்று கொழுந்தியாளைக் கூப்பிட்டான். அவள் தரையில் முழங்காலிட்டு, ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன்களையும் பற்றினாள்.

"சூடா இருக்கே மாமா. ஓட்டினீங்களா?"

"ம்" என்றான். பொய்தான். வேறென்ன சொல்வது.

பிளாக் இறங்கியது. இறக்கவேண்டியதே இல்லை, தானாகவே போய் உட்கார்ந்தது. சிலிண்டருக்குள் இருந்த காற்று மேலே தள்ளப்பட்டு, குனிந்திருந்த அவள் முகத்தில் அடித்தது. அவள் முன்மயிர் பறந்தது. சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. யாரோ ஊதின மாதிரி."

கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து போய், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

மேல்மூடியை இறுக்கி, ஒயர்களைச் செருகி, புகை வெளியே போவதற்காக சைலன்சரில் ரப்பர் குழாயை மாட்டி ஜன்னலின் கீழ் ஓட்டை வழியாக விட்டபோது மணி ஏழரை. இரண்டு அறை ஜன்னல்களும் சாத்தியிருந்தன. உள்ளறையில் ஒரே ஒரு பல்பு எரிந்தது. அவன் கிக்கரில் கால் வைத்து, சாமி கும்பிடுகிற பழக்கம் இல்லாதவன், கண்ணை மூடி என்னவோ கேட்டான். பிறகு மிதித்தான்.

முதல் மிதியிலேயே கிளம்பியது. இரண்டு சிலிண்டரும் ஒன்றன் பின் ஒன்றாக, ஓர் இழைகூடப் பிசகாமல், இத்தனை வருடத் தொழிலில் அவன் எந்த இன்ஜினிலும் கேட்டறியாத ஒழுங்கோடு ஓடத் தொடங்கின. தட்டும் சத்தம் துளியும் இல்லை. தரை லேசாக அதிர்ந்தது. மேசையில் இருந்த ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின.

"மாமா" என்றாள் கொழுந்தியாள். "மூச்சு பாருங்க."

நிலைப்படி வழியாகப் பார்த்தான். போர்வைக்குக் கீழே அவன் மனைவியின் நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது. பதினான்கு மாதத்தில் பார்க்காத மூச்சு. கன்னத்தில் ரத்தம் ஏறுவது இங்கிருந்தே தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். கூரையைப் பார்க்கவில்லை, நேராக எதிரே பார்த்தாள். சந்தோஷம், வேறு வார்த்தை இல்லை. இன்ஜின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் வண்டியை விட்டு நகராமல் அங்கிருந்தே கத்தினான்.

"மெக்கானிக்கு வந்திருக்கேன் பாரு. இங்க பாரு."

அவள் திரும்பவில்லை. முழங்கையை ஊன்றினாள். யாரும் தாங்காமல், மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளும் போர்வைக்கு மேலே முன்னால் நீண்டன, விரல்கள் எதையோ பற்றின மாதிரி மடங்கின. வலது மணிக்கட்டு மெல்ல முறுகியது.

இன்ஜின் சீறியது.

அவன் கை ஆக்சிலேட்டரில் இல்லை. கீழே பார்த்தான். இரண்டு கைகளும் தன் இடுப்பில் இருந்தன. மணிக்கட்டு தளர்ந்தது, இன்ஜின் தணிந்தது. மறுபடி முறுகியது. மறுபடி சீறல். குழாய் துள்ளியது. மழையில் நனைந்த தாரின் வாசனை உள்ளறையிலிருந்து வந்தது, இப்போது அதில் குளிரும் இருந்தது.

அவள் பேசினாள். அவளுடைய குரல்தான். பதினான்கு மாதமாக அவன் ஏங்கிக் கிடந்த அதே குரல்.

"பின்னாடி நல்லா உக்காந்துட்டியா?"

ஒவ்வொரு பயணத்திலும் அவனிடம் கேட்கிற கேள்விதான் இது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வர, அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"உக்காந்துட்டேன். போ."

கொழுந்தியாளின் குரல். அக்கா மனம் கோணாமல் இருக்கத் துணைக்குப் பேசுகிறாள் என்று ஒரு கணம் நினைத்தான். ஒரு கணம்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தான்.

கொழுந்தியாள் கட்டிலில் ஏறியிருந்தாள். அக்காவுக்குப் பின்னால், கால்களை இருபுறமும் போட்டு, அக்காவின் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடுப்பெல்லாம் கிரீஸ் கறை. கண் திறந்திருந்தது. அவனைப் பார்க்கவில்லை.

"ஏய், இறங்கு" என்றான்.

இருவரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். ஒன்றாக. அளவாக. நீண்ட வளைவில் சாய்வது மாதிரி. நிமிர்ந்தார்கள். பிறகு வலப்பக்கம். ஒருத்தி மூச்சை இழுக்கும்போது மற்றவள் விட்டாள். ஒன்று ஏற, ஒன்று இறங்க.

நிறுத்தவேண்டும். நிறுத்தினால் அவள் போய்விடுவாள். வண்டிக்கு ஓடிவந்தான், கை சாவியில் இருந்தது. சாவி திரும்பவில்லை. இல்லை, அவன்தான் திருப்பவில்லை. பேசினாளே. எழுந்து உட்கார்ந்தாளே. இன்னும் ஒரு நிமிடம். ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும்.

அவள் மணிக்கட்டு முறுகியது. முழுசாக.

சாவியைத் திருப்பினான். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினான். ஒன்று. இன்னொன்று. மின்சாரம் சுருக்கென்று முழங்கை வரை ஏறியது. இன்ஜின் அடங்கியது.

அமைதி. ஸ்பேனர்களின் சிணுங்கலும் நின்றது.

பிடுங்கிய ஒயர்கள் கையில் இருக்க, திரும்பிப் பார்த்தான். கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை. இடப்பக்கம் சாய்ந்தார்கள். நிமிர்ந்தார்கள். சாத்திய ஜன்னலுக்கு முன்னால் இருவரின் கூந்தலும் பின்னோக்கிப் பறந்துகொண்டிருந்தது. போர்வை படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் ஓடிப்போய்க் கொழுந்தியாளின் கைகளைப் பிடித்து இழுத்தான். இரும்பு மாதிரி பூட்டியிருந்தன. மனைவியின் தோளை உலுக்கினான். "நிறுத்தும்மா. நான்தான். நிறுத்து." அவன் முகத்தில் குளிர்காற்று அறைந்தது. மழைத்துளி ஒன்று உதட்டில் பட்டது.

அவள் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

பல்பு மஞ்சளாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இது வேறு வெளிச்சம். எதிர்ச்சுவரிலிருந்து வரவில்லை, எங்கிருந்தும் வரவில்லை. அவள் முகத்தில் மட்டும் விழுந்தது. புள்ளி இரண்டாயிற்று, எதிரே வரும் லாரியின் விளக்குகள் மாதிரி. பெரிதாயிற்று. கன்னம் வெளுத்தது. கழுத்து வெளுத்தது. கொழுந்தியாள் முகத்தை அக்காவின் முதுகில் புதைத்துக்கொண்டாள்.

போர்வைக்குக் கீழே அவன் மனைவியின் வலது பாதம் பிரேக்கை மிதிப்பது மாதிரி மெத்தையை அழுத்தியது. எடுத்தது. மறுபடி அழுத்தியது. மறுபடி. மறுபடி. அவள் விழிகள் முழுக்க வெள்ளை. அந்த வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.